சிறுநீரில் இறங்கும் சீனி: சிறுநீரகம் குளுக்கோசை மீட்கும் விதம்

"சீனி கூடிட்டு" என்பதும் "சலத்தில சீனி போகுது" என்பதும் நமது ஊர்ப் பேச்சில் ஒரே பொருளில்தான் புழங்குகின்றன. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் வீட்டுக்கு ஒருவராவது இந்த வருத்தத்துக்குக் குளிசை போடுகிற காலம் இது. நாடு முழுவதும் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நடந்த சுகாதாரமும் மூப்படைதலும் பற்றிய ஆய்வு, வளர்ந்தோரில் 23 சதவீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. ஆனாலும் கூடுவது வேறு, போவது வேறு என்பதை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. கூடுவது இரத்தத்தில். போவது சிறுநீரில். இரத்தத்தில் கூடாமலே சிறுநீரில் போகலாம். சிறுநீரில் ஒரு துளியும் போகாமலே இரத்தத்தில் இருநூறைத் தாண்டியும் இருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தீர்மானிப்பது சிறுநீரகம்.

இந்த வேறுபாடு தெரியாமல் இருப்பது முன்னர் அவ்வளவு பெரிய காரியமாக இருக்கவில்லை. இப்போது அது உயிர்ப் பிரச்சினையாகி வருகிறது. டப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர்களில் ஒரு புதிய வகைக் குளிசையை டொக்டர்மார் எழுதிக் கொடுக்கிறார்கள். அதைப் போடத் தொடங்கிய ஒருவர் வேறு ஏதோ காரணத்துக்காகச் சிறுநீரைப் பரிசோதிக்கக் கொடுத்தால், ரிப்போட்டில் சீனிக்கு நேரே நாலு கூட்டல் அடையாளம் விழும். வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். "காசு குடுத்து வாங்கின குளிசையும் வேல செய்யல்ல, முந்தி இல்லாத சீனியெல்லாம் இப்ப எறங்குது" என்று குளிசையை நிறுத்திவிடுவார்கள். அந்த நாலு கூட்டல்தான் குளிசை வேலை செய்வதற்கான அத்தாட்சி. நிறுத்தியவர் இழப்பது, தமது சிறுநீரகத்தைக் காப்பாற்றக்கூடிய மருந்தை. அதனால் இந்த விடயத்தை அடியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது ஒரு லீற்றருக்கும் அதிகமானது, நேராகச் சிறுநீரகங்களுக்குப் போகிறது. கைப்பிடி அளவான இரண்டு உறுப்புகளுக்கு இவ்வளவு இரத்தமா என்றால், அவற்றின் வேலை அப்படி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் கலன்கோளம் என்ற மயிர்த்துளைக் குழாய் முடிச்சு ஒன்று. இரத்தம் இதனூடாக அழுத்தத்தோடு போகும்போது, இரத்தக் கலங்களையும் பெரிய புரதங்களையும் உள்ளே விட்டுவிட்டு, தண்ணீரும் உப்பும் குளுக்கோசும் யூரியாவும் வெளியே வடிகின்றன. இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்த்து இப்படி வடிவது நிமிடத்துக்கு 125 மில்லி லீற்றர். நாளொன்றுக்கு 180 லீற்றர்.

நாம் நாளொன்றுக்குக் கழிக்கும் சிறுநீர் ஒன்றரை, இரண்டு லீற்றர்தான். மிச்சம் 178 லீற்றரும் திரும்ப இரத்தத்துக்குள் எடுக்கப்படுகிறது. முதலில் எல்லாவற்றையும் வெளியே கொட்டி, பிறகு தேவையானதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே எடுக்கும் முறை இது. வீட்டைச் சுத்தம் செய்ய நினைத்தவர் குப்பையை மட்டும் தேடிப் பொறுக்காமல், சாமான்கள் அனைத்தையும் முற்றத்தில் இறக்கி, வேண்டியதை மட்டும் உள்ளே ஏற்றுகிற மாதிரி. வீண்வேலை போலத் தெரியும். ஆனால் இந்த முறையில் ஒரு வசதி உண்டு: உடலுக்குப் புதிதாக ஒரு நச்சு வந்து சேர்ந்தால் அதை அடையாளம் காண வேண்டிய தேவையே இல்லை. உள்ளே எடுக்க யாரும் இல்லாதது தானாக வெளியே போய்விடும்.

சாப்பாட்டுக்கு முந்திய நேரத்தில் ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் குளுக்கோசு இருக்கும். கணக்குக்கு 100 என்றே வைத்தால் லீற்றருக்கு ஒரு கிராம். 180 லீற்றர் வடிந்தால் 180 கிராம் குளுக்கோசும் வடிகிறது. தேக்கரண்டிக் கணக்கில் 36 கரண்டி. இவ்வளவும் ஒவ்வொரு நாளும் நம்மைவிட்டு வெளியேறப் பார்க்கிறது; ஏறத்தாழ முழுவதும் மீட்கப்படுகிறது. வெளியே போவது சாதாரணப் பரிசோதனையில் பிடிபடாத அளவுதான்.

மீட்பு நடக்கும் இடம், உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த பிள்ளைகளுக்குத் தெரிந்த அண்மை மடிந்த சிறுகுழாய். கலன்கோளத்தில் வடிந்த திரவம் முதலில் வந்து சேர்வது இங்கேதான். இக்குழாயின் உட்சுவரில் வரிசையாக நிற்கும் கலங்கள், திரவத்தைப் பார்த்த பக்கத்தில் தூரிகை மயிர் போல ஆயிரக்கணக்கான நுண்சடைமுளைகளை நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில்தான் காவிப் புரதங்கள் இருக்கின்றன. பாடப்புத்தகத்துக்காகப் படைத்த கலைச்சொற்களில் பல நம் வாயில் ஒட்டுவதில்லை. ஆனால் 'காவி' நல்ல சொல். "மூட்டையைக் காவிட்டு வா" என்று நாம் சொல்லும் அதே சொல்.

குளுக்கோசைக் காவுவது இலேசான வேலை அல்ல. சிறுகுழாயில் திரவம் நகர நகர அதில் குளுக்கோசு குறைந்துகொண்டே போகும். குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு ஒரு பொருளை ஏற்ற வேண்டுமென்றால் சக்தி வேண்டும். அந்தச் சக்தியைக் கலம் சுற்றுவழியாகப் பெறுகிறது. கலத்தின் இரத்தப் பக்கச் சுவரில் ஒரு பம்பி இருக்கிறது. அது சக்தியைச் செலவழித்து மூன்று சோடியம் அயன்களை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கிறது. இதனால் கலத்துக்குள் சோடியம் எப்போதும் பஞ்சம். மறுபக்கத்தில், வடிந்த திரவத்தில், சோடியம் நிறைய. அது உள்ளே பாயத் துடிக்கிறது. ஆனால் இந்தக் காவி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: தனியே வர முடியாது, ஒரு குளுக்கோசைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். சோடியம் பள்ளத்தில் இறங்க, குளுக்கோசு அதனோடு மேட்டில் ஏறுகிறது. கலத்துக்குள் வந்த குளுக்கோசு இரத்தப் பக்கத்தில் உள்ள வேறொரு காவி வழியே எந்தச் செலவும் இல்லாமல் இரத்தத்தில் இறங்கிவிடுகிறது.

சோடியமும் குளுக்கோசும் சோடியாகச் செல்கின்றன என்ற இந்த யோசனையை 1960 ஆம் ஆண்டு பிராக் நகரில் நடந்த கூட்டமொன்றில் முன்வைத்தவர் ரொபேட் கிரேன் என்ற அமெரிக்க உயிர் இரசாயனவியலாளர். அவர் பேசியது குடலைப் பற்றி. குடலிலும் இதே குடும்பத்துக் காவி ஒன்று இருக்கிறது. வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு ஜீவனி கரைத்துக் கொடுக்கிறோமே, அதில் உப்பும் சீனியும் ஏன் சேர்ந்தே இருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. தனி உப்புத் தண்ணீரைக் கொடுத்தால் வயிற்றோட்டம் உள்ள குடல் அதை எடுக்காது. குளுக்கோசு கூட இருந்தால் காவி இரண்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும். பின்னாலேயே தண்ணீரும் போகும். உலகெங்கும் கோடிக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றிய அந்தப் பக்கற்றின் இரகசியமும் சிறுநீரகம் சீனியை மீட்கும் இரகசியமும் ஒன்றுதான்.

சிறுநீரகத்தில் இக்காவிகள் இரண்டு வகை. சிறுகுழாயின் தொடக்கத்தில் நிற்பது எஸ்.ஜி.எல்.ரி. 2. ஒரு சோடியத்துக்கு ஒரு குளுக்கோசு என்று பெருந்தொகையாகக் காவுவது இதன் வேலை. மொத்தத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் இதனால் மீட்கப்படுகிறது. கடைசிப் பகுதியில் நிற்பது எஸ்.ஜி.எல்.ரி. 1, குடலில் உள்ள அதே காவி. இது ஒரு குளுக்கோசுக்கு இரண்டு சோடியத்தைப் பிடிக்கும். இரட்டை இழுவை என்பதால், திரவத்தில் மிக அருந்தலாக மிஞ்சியிருக்கும் குளுக்கோசையும் வழித்தெடுத்துவிடும். அறுவடை முடிந்த வட்டையில் சிந்திய கதிரைப் பொறுக்குகிறவர்களைப் போல.

ஆனால் எந்தக் காவிக்கும் ஓர் எல்லை உண்டு. இதை விளக்கப் பலரும் குளம் வான் பாய்வதை உதாரணமாகச் சொல்வார்கள்: இரத்தத்தில் சீனி ஒரு மட்டத்துக்கு மேல் ஏறினால் வழிந்து சிறுநீரில் போகிறது என்று. பாதி சரி. இன்னும் பொருத்தமானது அரிசி ஆலை. லொறிகள் வந்துகொண்டே இருக்கின்றன, மூட்டை இறக்குகிற நாட்டாமைமார் பத்துப்பேர்தான். வரும் மூட்டை குறைவாக இருக்கும்வரை எல்லாம் உள்ளே போகும். பத்துப்பேரும் ஓய்வில்லாமல் சுமக்கிற நிலை வந்த பிறகு, மேலதிகமாக வருகிற ஒவ்வொரு மூட்டையும் வாசலில் கிடக்கும். ஆட்களின் எண்ணிக்கைதான் எல்லை.

காவிகள் எல்லாம் முழுமூச்சாக வேலை செய்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 375 மில்லிகிராம் குளுக்கோசை மீட்கலாம். பெண்களில் கொஞ்சம் குறைவு. சாதாரணமாக வடிவது நிமிடத்துக்கு 125 தான். மூன்று மடங்கு கைவசம் இருக்கிறது. அப்படியானால் இரத்தச் சீனி 300 ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் தெரிய வேண்டும். ஆனால் நடப்பது அப்படியல்ல. 180 அளவிலேயே தெரியத் தொடங்குகிறது. ஏனென்றால் இருபது இலட்சம் சிறுநீரகத்திகளும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சிலவற்றில் வடிப்பு அதிகம், காவி குறைவு. அவை முதலில் கைவிடுகின்றன, மற்றவை பின்னர். இந்த 180 ஐத்தான் சிறுநீரக வாசல் எல்லை என்கிறார்கள்.

இங்கிருந்து நம் ஊர்ப் பழக்கங்கள் சிலவற்றைத் திரும்பிப் பார்க்கலாம். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். சுசுருதரின் காலத்திலிருந்தே சொல்லப்பட்டு வருவது. பின்னர் வந்தது பெனடிக்ட் கரைசல். பாடசாலை ஆய்வுகூடத்தில் நாம் எல்லோரும் சூடாக்கிப் பார்த்த அதே நீலக் கரைசல், சீனி இருந்தால் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறும். ஒரு காலத்தில் நீரிழிவுக்காரர்கள் வீட்டிலேயே இதைச் செய்து பார்த்தார்கள். பிறகு நிறம் மாறும் பட்டிகள் வந்தன. இவை எல்லாம் காட்டுவது ஒன்றுதான்: கடந்த சில மணிநேரத்தில் இரத்தச் சீனி இவரது வாசல் எல்லையைத் தாண்டியதா இல்லையா. எல்லை ஆளுக்கு ஆள் வேறு என்பதுதான் சிக்கல்.

வயதானவர்களிலும், நீண்டகாலமாக நீரிழிவு உள்ளவர்களிலும் எல்லை மேலே போய்விடும். இரத்தத்தில் 220 இருக்கும், சிறுநீர்ப் பட்டி சுத்தம் என்று சொல்லும். "எறும்பு வரல்ல, எனக்கு ஒண்டுமில்ல" என்று இருந்துவிட்டு, காலில் புண் வந்த பிறகு கிளினிக்குக்கு வருகிற மூத்தாப்பாமார் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். கர்ப்பிணிகளில் நேர்மாறு. கர்ப்பகாலத்தில் வடிப்பு பாதியளவு கூடிவிடும். மீட்பு அதற்கு ஈடுகொடுக்காது. இரத்தச் சீனி சரியாக இருந்தும் பட்டி நிறம் மாறலாம். அதனால்தான் கிளினிக்கில் பட்டி மாறினால் மிஸ் உடனே நீரிழிவு என்று கார்டில் எழுதுவதில்லை. குளுக்கோசு குடிக்கக் கொடுத்து இரத்தத்தைப் பார்க்க அனுப்புகிறார். பட்டி மாறியது கண்டு சோற்றைக் கைவிட்ட பிள்ளைத்தாய்ச்சி தானும் மெலிந்து வயிற்றுப் பிள்ளையையும் மெலிய விடுகிறாள். இன்னொரு அபூர்வ வகையும் உண்டு: எஸ்.ஜி.எல்.ரி. 2 ஐ ஆக்கும் பரம்பரையலகில் பிழையோடு பிறந்தவர்கள். வாழ்நாள் முழுவதும் அவர்களது சிறுநீரில் சீனி போய்க்கொண்டே இருக்கும். இரத்தச் சீனி இயல்பு. பெரும்பாலும் எந்த வருத்தமும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். இவர்களைப் பற்றிய செய்தி மருத்துவர்களுக்கு ஒரு துணிவைத் தந்தது. அது பின்னால் வரும்.

ஜாலீனூஸிலிருந்து ஆப்பிள் மரப்பட்டை வரை

நீரிழிவு சிறுநீரகத்தின் வருத்தம் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். நம் யூனானி மரபு ஜாலீனூஸ் என்று அழைக்கும் கலேன் அப்படித்தான் கருதினார். குடித்த தண்ணீர் நிற்காமல் இறங்கிப் போகிறது, ஆகவே பிடித்துவைக்க வேண்டிய உறுப்பு பலவீனப்பட்டிருக்கிறது என்பது அவரது தர்க்கம். இப்னு ஸீனா (980–1037) தமது அல்கானூனில் இந்நோயைத் தூலாப் என்ற பெயராலும் குறித்தார். தூலாப் என்றால் நீர் இறைக்கும் சக்கரம். ஒரு பக்கத்தால் மொண்டு மறு பக்கத்தால் ஊற்றிக்கொண்டே இருப்பது. தாகமும் நீர்போக்கும் ஒன்றையொன்று துரத்தும் இந்நோய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. நம் தோட்டக் கிணற்றுத் துலாவோடு ஒலி ஒத்திருந்தாலும் அது பாரசீகத்திலிருந்து அரபுக்குப் போன வேறு சொல். அவருக்கு இரண்டு நூற்றாண்டு பின்வந்த அப்துல் லதீப் அல்பக்தாதி (1162–1231) நீரிழிவுக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். காரூரா என்ற கண்ணாடிப் பாத்திரத்தில் சிறுநீரை வைத்து நிறமும் அடர்த்தியும் பார்த்துச் சொல்வது அம்மரபின் பெரும் கலை. தமிழ்ச் சித்த மருத்துவத்தின் நீர்க்குறி, நெய்க்குறிக்கு அது உறவு.

1776 இல் இங்கிலாந்தில் மத்தியூ டொப்சன் என்ற மருத்துவர் நீரிழிவுக்காரரின் சிறுநீரை வற்றக் காய்ச்சினார். அடியில் மிஞ்சியது சீனி மாதிரி இருந்தது. முக்கியமான விடயம், இரத்தப் பாயமும் இனிப்பாக இருப்பதை அவர் கண்டார். சீனியைச் சிறுநீரகம் உண்டாக்கவில்லை, வெறுமனே கடத்துகிறது என்பது அன்றே தெளிந்திருக்கும்.

பிறகு யோசப் வொன் மேரிங் என்ற ஜேர்மனியர் வருகிறார். இவரது கதை வேடிக்கையானது. ஆப்பிள் மர வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளை 1835 இல் ஐரோப்பிய இரசாயனவியலாளர் பிரித்தெடுத்திருந்தார்கள். கசப்பாக இருந்ததால் காய்ச்சல் மருந்தாக இருக்கும் என்று எண்ணினார்கள். 1886 இல் மேரிங் அதை நாய்களுக்குக் கொடுத்தார். சிறுநீரில் சீனி கொட்டியது. ஆனால் இரத்தத்தில் சீனி கூடவில்லை. மூன்று வருடம் கழித்து, 1889 இல், ஸ்ட்ராஸ்பேர்க்கில் மின்கோவ்ஸ்கியோடு சேர்ந்து நாயின் சதையியை அகற்றிப் பார்த்தார். இம்முறை இரத்தத்திலும் கூடியது, சிறுநீரிலும் போனது. நாய்க்கு உண்மையான நீரிழிவே வந்துவிட்டது. கூடுவது, போவது என்ற இரண்டு வாசல்களையும் ஒரே மனிதர் திறந்து காட்டினார் என்று சொல்லலாம். உலகம் இரண்டாவது வாசலுக்குள்தான் ஓடியது. சதையி, இன்சுலின் என்று நூறு வருடம் போனது. முதல் வாசலை உடற்றொழிலியல்காரர் மட்டும் ஆய்வுகூடக் கருவியாகப் பயன்படுத்தி வந்தார்கள்.

ஃப்ளோரிசினை அப்படியே மருந்தாக்க முடியாது. குடலில் அது உடைந்துவிடும். உடையாதது குடற்காவியையும் அடைத்து வயிற்றோட்டத்தைத் தரும். எஸ்.ஜி.எல்.ரி. 2 ஐ மட்டும் அடைக்கிற, வயிற்றில் உடையாத ஒன்று தேவைப்பட்டது. சிறுநீரில் இவ்வளவு சீனியை வேண்டுமென்றே போகவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்துக்குப் பதிலாக நின்றவர்கள், மேலே சொன்ன அந்தப் பிறவிப் பிழைக்காரர்கள். காலமெல்லாம் சீனியைக் கழித்துக்கொண்டு நலமாக இருந்தவர்கள். 2012 இல் டப்பாகிளிஃப்ளோசின் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. இக்குளிசை போடும் நீரிழிவுக்காரர் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் குளுக்கோசைச் சிறுநீரில் கழிக்கிறார். எஸ்.ஜி.எல்.ரி. 2 முழுவதையும் அடைத்தால் 90 சதவீதமும் போக வேண்டுமே என்று கேட்கலாம். போகாது. பின்வரிசையில் நிற்கும் எஸ்.ஜி.எல்.ரி. 1 இதுவரை செய்யாத பாரத்தைச் சுமந்து பாதிக்கு மேல் பிடித்துவிடுகிறது. தாழ்சீனி மயக்கம் இக்குளிசையால் மட்டும் அபூர்வமாகவே வருவதற்கும் இது ஒரு காரணம்.

கடைக்கோடிக்குத் தண்ணீர் வராவிட்டால்

2015 இல் வெளிவந்த ஒரு முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. எம்பாகிளிஃப்ளோசினை 7,020 நோயாளிகளில் ஆராய்ந்தபோது, இதயநோயால் இறப்பது 38 சதவீதம் குறைந்திருந்தது. இதயத்துக்குக் கெடுதி இல்லை என்று நிரூபிக்கவே அந்த ஆய்வைத் தொடங்கியிருந்தார்கள். 2020 இல் டப்பாகிளிஃப்ளோசினைச் சிறுநீரக நோய் உள்ள 4,304 பேரில் ஆராய்ந்தபோது, சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைவதும் அதனாலும் இதய நோயாலும் இறப்பதும் சேர்ந்த கணக்கு 39 சதவீதம் குறைந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நீரிழிவே கிடையாது. சீனியைக் குறைக்கிற மருந்து சீனி வருத்தம் இல்லாதவரையும் காப்பாற்றுகிறது என்றால், காரணம் சீனியில் இல்லை. சீனியோடு சோடியாகப் போன சோடியத்தில் இருக்கிறது.

இதை விளங்க நமக்குக் கல்லோயா இருக்கிறது. இங்கினியாகலையில் திறந்துவிடும் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து கடைக்கோடி வயலுக்குச் சேர வேண்டும். மேல்வாய்க்காலில் உள்ளவர்கள் மிதமிஞ்சி மறித்து எடுத்தால், கடைக்கோடியில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். கடைக்கோடிக்காரர் கூச்சல் போடுவார். மேலே இன்னும் கூட்டித் திறப்பார்கள். அணையில் தண்ணீர் குறைவில்லை, வழியில் எடுப்பவர்தான் அதிகம் என்று யாரும் பார்ப்பதில்லை.

நீரிழிவுச் சிறுநீரகத்தில் நடப்பது அச்சொட்டாக இதுதான். இரத்தத்தில் சீனி கூடியதால் அதிகம் வடிகிறது. சிறுநீரகம் கஞ்சன், வருவதை விட மனமில்லாமல் இன்னும் அதிகக் காவிகளை வேலைக்கு அமர்த்துகிறது. வெளியேறினால் நல்லது என்ற சீனியையும் அள்ளி உள்ளே போடுகிறது. ஒவ்வொரு குளுக்கோசோடும் ஒரு சோடியமும் உள்ளே போய்விடுகிறது. சிறுகுழாயின் கீழ்ப்பகுதியில், கலன்கோளத்தின் வாசலை உரசிக்கொண்டு, சோடியத்தை அளக்கும் உணர்கலங்கள் சில இருக்கின்றன. அவைதான் இங்கே கடைக்கோடிக்காரர். சோடியம் குறைவாக வருவதைக் கண்டு, 'மேலே வடிப்புப் போதவில்லை' என்று செய்தி அனுப்புகின்றன. உடனே கலன்கோளத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய் அகன்று திறக்கிறது. ஏற்கனவே அளவுக்கு மிஞ்சி வடித்துக்கொண்டிருந்த கலன்கோளத்தின் மேல் இன்னும் அழுத்தம். பல வருடம் இப்படி அடிபட்ட வடி கிழிந்து, சிறுநீரில் முதலில் அல்புமின் புரதம் கசிகிறது. பிறகு ஒவ்வொரு சிறுநீரகத்தியாகத் தழும்பாகிறது. நோயாளிக்கு இதில் எதுவும் தெரியாது. தொடக்கத்தில் வடிப்பு அதிகம் என்பதால் ரிப்போட்டும் நன்றாகவே இருக்கும்.

குளிசை மேல்வாய்க்கால் மறிப்பை உடைக்கிறது. சீனியும் சோடியமும் கீழே வந்து சேர்கின்றன, உணர்கலங்கள் அமைதியாகின்றன, குழாய் சுருங்கி அழுத்தம் இறங்குகிறது. நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளியிலும் இந்த அழுத்தக் குறைப்பு வேலை செய்கிறது. இதயத்துக்குக் கிடைக்கும் நன்மைக்கு இது மட்டும் காரணமல்ல, உப்பும் நீரும் வெளியேறுவது உட்பட வேறு பல சொல்லப்படுகின்றன. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை இதுவே மையமான விளக்கம். 2021 இல் உலக சுகாதார நிறுவனம் இவ்வகை மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நமது மாவட்டத்தில் சிறுநீரக நோய் என்றதும் பலருக்கும் நினைவு வருவது, அநுராதபுரத்தில் 1990 களில் கவனத்துக்கு வந்து தெஹியத்தகண்டிய பக்கமும் காணப்படுகிற, காரணம் துணியப்படாத அந்த விவசாயிகளின் நோய். அது சிறுகுழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையும் தாக்குவது, நீரிழிவோடு தொடர்பில்லாதது. கரையோரத்தில் நாம் அதிகம் பயப்பட வேண்டியது கிணற்றுத் தண்ணீருக்கல்ல. கட்டுப்படாத சீனிக்கும் பிரஷருக்கும்தான். "தண்ணி சரியில்ல" என்று போத்தல் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு, கூடவே தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறவர்களை என்ன சொல்வது!

இக்குளிசை போடுகிறவர்களுக்குச் சில விடயங்கள் இருக்கின்றன. சிறுநீரில் எப்போதும் சீனி இருப்பதால் மறைவிடங்களில் பூஞ்சணம் வளர வாய்ப்பு அதிகம், பெண்களில் கூடுதல். அரிப்பு, வெள்ளைபடுதல் என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தால் எளிதில் மாறும். தண்ணீரால் சுத்தம் செய்யும் நமது இஸ்தின்ஜா வழக்கம் இதில் பெரிய பாதுகாப்பு. கழுவிய பின் ஈரத்தைத் துடைத்து உலர விடுவதும் அதே அளவு முக்கியம், அதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறோம்.

ரமழானில் இன்னும் கவனம் வேண்டும். சீனி போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. பகல் முழுவதும் தண்ணீர் இல்லாமல் வெயிலில் நிற்பவருக்கு உடல் வறண்டுவிடலாம். குளிசையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவதும், இரவில் தண்ணீரைத் தாராளமாகக் குடிப்பதும், நோன்பு தொடங்குகிற வாரத்தில் இக்குளிசையைப் புதிதாக ஆரம்பிக்காமல் இருப்பதும் பொதுவான அறிவுரை. சிறுநீரகம் நன்றாகப் பழுதடைந்தவரும், அடிக்கடி சீனி இறங்கி மயங்குகிறவரும், வயோதிபத்தோடு பல வருத்தம் உள்ளவரும் ஷஃபானிலேயே டொக்டரைக் கண்டு பேச வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்றுக்கொள்ளக் கூச்சப்படுகிறவர்கள் நம்மில் அதிகம். விரலில் குத்தி இரத்தச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது உலமாக்கள் பலரின் கருத்து. எழுபதுக்குக் கீழே இறங்கினால் அந்த இடத்திலேயே நோன்பை விட வேண்டும்.

சத்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் என்று சாப்பிட முடியாமல் கிடக்கும் நாட்களில் இக்குளிசையை நிறுத்தி வைக்க வேண்டும். சத்திரசிகிச்சை என்றால் மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்துவார்கள். காரணம் கீற்றோன் என்ற அமிலம். சாப்பாடும் இல்லை, சீனியும் வெளியே போகிறது, இன்சுலினும் குறைவு என்றால் உடல் கொழுப்பை எரித்து அந்த அமிலத்தை உண்டாக்கும். வழக்கமாக அந்நிலை வரும்போது இரத்தச் சீனி நானூறு, ஐந்நூறு என்று காட்டிக் கொடுக்கும். இக்குளிசை போடுகிறவரில் இருநூறுக்குக் கீழேயே இருக்கலாம். மெஷினைப் பார்த்து 'சீனி நல்லம்' என்று வீட்டில் வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. வயிற்றுவலி, சத்தி, மூச்சு வேகம் என்றால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், எந்தக் குளிசை போடுகிறார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். சிறுவயதில் வரும் முதலாம் வகை நீரிழிவுக்காரருக்கு இக்குளிசையைப் பொதுவாகக் கொடுக்காததும் இதனால்தான்.

மற்றொன்று, குளிசை தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியேற்றினின் கொஞ்சம் ஏறிக் காட்டும். கலன்கோளத்தின் அழுத்தம் இறங்கியதன் அடையாளம் அது. பெரும்பாலும் அத்தோடு நின்று, பிறகு வருடக்கணக்கில் நிதானமாக இருக்கும். சிறுநீரகம் ஏற்கனவே பழுதடைந்தவரில் வடிப்பே குறைவு என்பதால் குளிசை போட்டும் சிறுநீரில் சீனி அதிகம் போகாது, இரத்தச் சீனியும் பெரிதாகக் குறையாது. அழுத்தத்தை இறக்கும் வேலை மட்டும் தொடரும். ஆகவே சிறுநீரில் பார்க்க வேண்டியது இப்போது சீனி அல்ல, அல்புமின். வருடத்துக்கு ஒரு தடவை அதையும் கிரியேற்றினினையும் பார்த்து, சீனியின் நிலைக்கு எச்.பி.ஏ.1சி. யைப் பார்த்தால் போதும். லாப்பில் சிறுநீர்ப் போத்தலைக் கொடுக்கும்போது இன்ன குளிசை போடுகிறேன் என்று சொல்லிவிட்டால், ரிப்போட்டை வாங்க வருகிற மகனும் அந்த நாலு கூட்டலைக் கண்டு பதற மாட்டான்.